விராட பருவத்தின் அஞ்ஞாதவாசம்

பிற்பகல் 2.10.

பசுமலைச் சுவடி மையத்தில் ஏடுகளைப் பக்குவம் பார்க்கும் சரண்யாதேவி, பீரோவிலிருந்து எடுத்த சிவப்புத் துணியை அவிழ்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஓலைகள் இருந்தன. எழுத்துகள் இல்லை.

ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். வெற்று ஓலை. அடுத்ததும் வெற்று ஓலை. நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். அதுவும் பச்சைப்பிள்ளை முதுகு மாதிரி வழவழவென்று இருந்தது.

"ஜோதிக்கா, இது ராக்கம்மாளோட ஏடு இல்ல."

நாகஜோதி அப்போதுதான் ஒரு கட்டுக் காகிதத்தை மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தொன்று. தல்லாகுளத்தில் கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. இருபத்தாறு வருடத்தில் அவள் மெஷின் எடுத்துத் தள்ளிய வாரிசுச் சான்றிதழ்களை ஒன்றன் வாலில் ஒன்றாக ஒட்டினால் ராமேசுவரம் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு மானாமதுரை வரை திரும்பி வரலாம் என்பது வக்கீல் குமாஸ்தாக்களின் கணக்கு. பத்திரத்தை மெஷினில் கவிழ்க்கும்போதே கேஸ் ஜெயிக்குமா தோற்குமா என்று சொல்லிவிடுவாள் என்றும் பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை. சிவில் கேஸ்களில் மட்டும்தான் சொல்வாள்.

"பீரோவைத் திறந்தது யாரு?" என்று கேட்டாள் நாகஜோதி.

"நான்தான். மருதண்ணன் சாவியை வாங்கி இப்பத்தான் திறந்தேன். பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

"பூட்டினது?"

"பன்னண்டே முக்காலுக்கு. என் கண்ணு முன்னால மருதண்ணன் பூட்டினாரு. அப்ப உள்ள ஏடு இருந்துச்சு. நானே துணியைச் சுத்தி வச்சேன்."

"அப்ப இந்த வெறும் ஓலை?"

"பள்ளிக்கூடப் பிள்ளைக வந்தா எழுதிக்காட்ட வாங்கி வச்சது. வராண்டாப் பெட்டியில எந்நேரமும் கிடக்கும்."

நாகஜோதி வாசலுக்குப் போய் ஒரே சத்தம் கொடுத்தாள்.

"மருது! கேட்டைச் சாத்து!"

பசுமலைக் குன்றின் மறுபக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்ததாகப் பின்னால் ஒருவர் சாட்சி சொன்னார்.

காணாமல் போனது என்னவென்று சொல்லிவிட வேண்டும்.

பாண்டவர்கள் ஒரு வருடம் வேஷம் மாற்றிக்கொண்டு விராட ராஜன் அரண்மனையில் ஒளிந்திருந்தார்களே, அந்த அஞ்ஞாதவாசக் கதைதான் மகாபாரதத்தின் விராட பருவம். அதை வாசித்தால் மழை வரும். ஏன் வரும் என்று கேட்கக் கூடாது, வரும். மதுரைக்கு மேற்கே புளியங்கண்மாய் என்ற ஊரில் அதற்கு இரண்டு ஏட்டுக்கட்டுகள் இருந்தன. மேலத்தெரு விருமாண்டி வீட்டில் ஒன்று, கீழத்தெரு ராக்கம்மாள் வீட்டில் ஒன்று. இரண்டிலும் ஒரே பாட்டு. இரண்டும் வேறெந்த ஊர் ஏட்டோடும் ஒத்துப்போகாத தனிப் பாட்டு. அதனால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்க வேண்டும். எதைப் பார்த்து எது என்பதுதான் தகராறு.

இத்தனை வருடமாக இரண்டு தெருவும் தனித்தனியாக வாசித்து, வந்த மழைக்கு ஆளாளுக்கு உரிமை கொண்டாடின. இந்த வருடம் மழையே வரவில்லை. அதனால் ஒற்றுமை வந்தது. கண்மாய்க் கரையில் இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே வாசிப்பு என்று முடிவாயிற்று. எது மூல ஏடோ அதை வாசிப்பது. அந்த ஏட்டுக்காரர் வாசிப்பது. மற்றவர் கீழே உட்கார்ந்து கேட்பது. எது மூலம் என்று பசுமலைச் சுவடி மையம் சொல்லட்டும். நாளைக் காலை பத்து மணிக்கு அறிவிப்பு.

விருமாண்டியின் ஏடு இரண்டு மாதத்துக்கு முன்பே வந்து படமும் பிடித்தாயிற்று. அந்தப் படங்களின் பிரதிகளைத்தான் நாகஜோதி இப்போது கொண்டு வந்திருந்தாள். ராக்கம்மாளின் ஏடு இன்று காலை பதினொன்றுக்குத்தான் வந்தது. காய்ந்த ஓலை, எடுத்த எடுப்பில் பிரித்தால் ஒடியும். மேல் ஏட்டில் மட்டும் ஓலையை இளக்கும் புல்தைலம் தடவிப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்குப் படம் பிடிப்பவர் வந்ததும் பக்குவமாகப் பிரிக்கலாம் என்று சரண்யாதேவி உள்ளே வைத்திருந்தாள்.

மூன்று மணிக்குள் ஏடு போய்விட்டது.

பிற்பகல் 2.25.

வளாகத்துக்குள் ஆறே பேர். கேட்டில் இருந்த மருது, பன்னிரண்டே முக்காலிலிருந்து யாரும் வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தான். சுற்றிலும் எட்டடிச் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு.

மருதுக்கு வயது நாற்பத்திரண்டு. ராக்கம்மாளின் அண்ணன் மகன். மையத்தில் பதினான்கு வருடமாக உதவியாளர், இன்னும் நிரந்தரமில்லை. பீரோ சாவி இரண்டு. ஒன்று மருதின் அரைஞாண் கயிற்றில். மற்றது இயக்குநர் முனைவர் தவசியின் மேசை இழுப்பறையில்.

சாப்பாட்டு நேரத்தில் யார் எங்கே என்று நாகஜோதி கேட்டு வைத்துக்கொண்டாள். சரண்யாதேவியும் ராக்கம்மாளும் வேப்பமரத்தடியில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இயக்குநர் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தயிர்சாதம். எதிர்த்தெரு ஏட்டைப் பிரிப்பதைப் பார்க்க வந்திருந்த விருமாண்டி, பீரோ இருந்த அறைக்கு வெளியே பெஞ்சில் படுத்திருந்தார்.

"யாரும் உள்ள போனாகளாண்ணே?"

"ஈ காக்கா போகல" என்றார் விருமாண்டி, மீசையை நீவிக்கொண்டே.

"தூங்கினீகளா?"

"நானா? கண்ணை மூடி யோசிச்சேன்."

"கொறட்டை வேப்பமரம் வரைக்கும் கேட்டுச்சு" என்றாள் ராக்கம்மாள். அறுபது வயது. அழுத கண், ஆனால் வாய் நிற்கவில்லை. "என் ஏடு இங்க வந்த அன்னிக்கே காணாமப் போகுதுன்னா, பெஞ்சுல படுத்திருந்தவரைக் கேக்காம யாரைக் கேக்குறது?"

"ஏய் ராக்கு, நான் திருடணும்னா அம்பது வருசமா ஏடு உங்க தெருவுல இருந்தப்பவே திருடியிருக்க மாட்டேன்? பசுமலைக்குப் பஸ் ஏறி வந்தா திருடணும்? பஸ்ஸுல உக்கார இடம்கூடக் கிடைக்கல!"

அது வலுவான வாதம் என்று நாகஜோதிக்குப் பட்டது.

பிற்பகல் 2.50.

சப் இன்ஸ்பெக்டர் காசிமாயன் ஜீப்பில் வந்து இறங்கினார். முன்பு தல்லாகுளத்தில் இருந்தவர், நாகஜோதி கடையின் பழைய வாடிக்கையாளர். இயக்குநர் தவசி எதிர்கொண்டு அழைக்க முற்றத்தைக் கடந்து கேட் வரை நடந்து போனார். வெயில் கொளுத்தியது. அவருடைய வழுக்கையில் வேர்வை முத்துமுத்தாக நின்று உருண்டது. கக்கத்தில் அவருடைய நீளமான கறுப்புக் குடை மடித்தபடி இருந்தது. காலையில் ராக்கம்மாளை இதே முற்றத்தில் ஏட்டோடு அழைத்து வந்தபோது அதே குடையை விரித்து அவளுக்கும் பிடித்துக்கொண்டுதான் வந்தார். எம்புட்டுப் பெரிய மனுஷன் எனக்குக் குடை பிடிச்சாரு என்று ராக்கம்மாள் ஏழெட்டுத் தடவை சொல்லியிருந்தாள்.

தவசி பெரிய மனிதர்தான். விருமாண்டி வீட்டு ஏட்டை இருபத்தைந்து வருடத்துக்கு முன் புத்தகமாகப் பதிப்பித்தவர். அதற்குப் பரிசு, பட்டம், பொன்னாடை எல்லாம் வாங்கியவர். அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளில் ஒரு கல்யாணப் பந்தலுக்கே மேற்கட்டி கட்டலாம். உண்மையில் ஒரு தடவை கட்டியும் இருக்கிறார்கள்.

"அடையாளம் சொல்லுங்கய்யா" என்றார் காசிமாயன். "எல்லா ஓலையும் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது."

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் தவசி. வீட்டில் ரசம் கேட்டாலும் மேடைத் தமிழில்தான் கேட்பார். "ஒன்றரைச் சாண் நீளம். நூற்றிருபது ஏடு. கடைசி ஏட்டில் ஒரு மயில் கீறியிருக்கும். மயில் இருந்தால் அது. மயில் இல்லையென்றால் அது இல்லை. ஒவ்வொரு கட்டாகக் கடைசி ஏட்டை மட்டும் பாருங்கள், போதும்."

"பார்த்திருக்கீகளா?"

"இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவர்கள் தெருவில் மூன்று நாள் உட்கார்ந்து முழு வாசிப்பையும் கேட்டவன் நான்."

காசிமாயன் மற்றவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, மூன்று போலீஸ்காரர்களோடு அடுக்கறைக்குள் போனார். தவசி மட்டும் உடன் நின்று மேற்பார்வை பார்த்தார். உள்ளே முன்னூற்றுப் பதினொரு கட்டுகள்.

பிற்பகல் 3.40.

நாகஜோதி சும்மா உட்காரத் தெரியாதவள். கொண்டு வந்த பிரதிகளைப் புரட்டினாள். அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது.

"சரண்யா, இந்த ஒம்பதாவது ஏட்டுல இருந்து பார்த்தியா? வரிக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா இடம் விழுந்திருக்கு. என் மெஷின்தான் கோளாறுன்னு மூணு தடவை போட்டேன். மெஷினை ரெண்டு தட்டும் தட்டினேன். பாவம்."

"மெஷின் தப்பு இல்லக்கா. ஏட்டுலயே அப்படித்தான் இருக்கு. எழுதினவரே இடம் விட்டிருக்காரு. மூலத்துல எழுத்து அழிஞ்சு போயிருந்தா, தானா எதையும் இட்டுக்கட்டாம, அம்புட்டு இடத்தைக் காலியா விட்டுட்டு மேற்கொண்டு எழுதுவாங்க. அதுதான் ஏடு எழுதுறவங்க முறை."

நாகஜோதி பக்கங்களைத் திரும்பப் புரட்டினாள். முதலில் சின்ன இடைவெளி. அடுத்த ஏட்டில் பெரிது. அதற்கடுத்ததில் இன்னும் பெரிது. பிறகு சிறுத்துச் சிறுத்து, பதினேழாவது ஏட்டில் இல்லாமல் போயிற்று.

"அடிப்பாவி" என்றாள். "இது எலி."

"என்னக்கா?"

"வாரத்துக்கு ஒரு பத்திரம் இப்படி வரும் எங்கிட்ட. அடுக்கி வச்ச காகிதத்தை எலி ஓரத்துல கடிச்சா இப்படித்தான் வளைவா இருக்கும். சின்னது, பெருசு, சின்னது. ஒரிஜினல்ல என்ன சேதாரமோ அது காப்பியில விழுந்தே தீரும். விருமாண்டியண்ணன் ஏடு காப்பி. அதோட ஒரிஜினலை எலி கடிச்சிருக்கு."

சரண்யாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, அந்த இடத்துல எல்லாம் இயக்குநரோட புத்தகத்துல வரி முழுசா இருக்கு. 'வேறொரு பழஞ்சுவடியில் கண்டு நிரப்பினேன், அச்சுவடி இப்போது இல்லை'ன்னு எழுதியிருக்காரு. அந்த வரிகளுக்குத்தான் பரிசே."

நாகஜோதி பிரதிகளை அவளிடம் கொடுத்தாள். எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் ராக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏக்கா, உங்க ஏட்டை எலி ஏதும் கடிச்சிருக்கா?"

"ஓரத்துல ஒரு கடி உண்டு, தாயி. எங்க பாட்டன் காலத்துக்கு முந்தியே கடிச்சதாம். கட்டினபடியே பக்கவாட்டுல பார்த்தாத் தெரியும், பிறை மாதிரி. காலையில குடைக்குள்ள வாரப்ப அவருகூட அதையே பார்த்துக்கிட்டு வந்தாரு."

"மழைக்கு எப்படி வாசிப்பீக?"

"மொத ஏட்டுல ஆரம்பிப்போம். பாட்டு, அதுக்கு அர்த்தம், கதை, காப்பித்தண்ணி. மழைத்துளி விழுந்த இடத்துல கட்டிப்பிடுவோம். அதுக்கு மேல ஒரு வரி வாசிக்கக் கூடாது. வாசிச்சா வந்த மழை போயிரும்."

"விழுகலைன்னா?"

"விளக்கு வைக்கிற நேரத்துல கட்டிட்டு, மறுநாள் திருப்பி மொத ஏட்டுல இருந்து. விட்ட இடத்துல இருந்து எடுக்கக் கூடாது."

"ஒரு நாளைக்கு எம்புட்டு ஏடு ஓடும்?"

"முக்கி முக்கி நாப்பது."

"அப்ப கடைசி ஏட்டுல என்ன இருக்கு?"

ராக்கம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "யாரு கண்டா? எங்க அய்யா பார்த்ததில்ல, அவுக அய்யாவும் பார்த்ததில்ல. மழைக்குத் தவிரப் பிரிக்க மாட்டோம். பிரிச்சாலும் நாப்பதைத் தாண்ட மாட்டோம். அதுக்குள்ளதான் மழை வந்துருமே."

"தவசி ஐயா ஒரு தடவை வந்து கேட்டாராமே?"

"வந்தாரு. மூணு நாள் உக்காந்தாரு. ஏட்டை யாரு கையிலயும் குடுக்க மாட்டோம், அதனால எட்டி உக்காந்துதான் கேட்டாரு. மூணாம் நாள் அஞ்சாம் ஏட்டுலயே ஊத்துன ஊத்துல தொப்பலா நனைஞ்சு பஸ்ஸுக்கு ஓடினாரு. அன்னையில இருந்துதான் குடையும் கையுமாத் திரியுறாருன்னு ஊர்ல சொல்லுவாக."

நாகஜோதி எழுந்து புடவையில் ஒட்டிய வேப்பம்பூவைத் தட்டிவிட்டாள். முகத்தில், மெஷினுக்குள் சிக்கிய ஒற்றைத் தாளைக் கிழியாமல் உருவி எடுத்தவளின் நிம்மதி தெரிந்தது.

மாலை 5.05.

முன்னூற்றுப் பதினொரு கட்டும் பார்த்தாயிற்று. மயில் இல்லை. போலீஸ்காரர்கள் தும்மிக்கொண்டே வெளியே வந்தார்கள். காசிமாயன் மருதின் தோளில் கை வைத்தார்.

"ஜீப்புல ஏறு மருது. சாவி உங்கிட்ட. ஏடும் உங்க வீட்டு ஏடு. நாளைக்கு அது காப்பின்னு தெரிஞ்சா தெருவுக்கே தலைகுனிவுன்னு நீயே ஒளிச்சிட்ட."

"சாமி சத்தியமா இல்ல சார்."

"அது ஸ்டேஷன்ல சொல்லு."

"வருந்தத்தக்கது" என்றார் தவசி. "நாளைய அறிவிப்பில் விருமாண்டியாரின் ஏடே மூலம் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை."

விருமாண்டி மீசையைத் தொடவில்லை. "இப்படி ஜெயிச்சு நான் எந்த மூஞ்சியோட கரையில உக்கார்றது?" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ராக்கம்மாள் ஜீப்பின் முன்னால் போய் நின்றுகொண்டாள். எடுப்பதாக இருந்தால் தன்மேல் ஏற்றி எடுக்கட்டும் என்றாள்.

"காசிமாயன் தம்பி" என்றாள் நாகஜோதி. "மூணு நிமிஷம் குடுங்க. ஏட்டை எடுத்துத் தாரேன்."

"ஜோதிக்கா, ரெண்டு மணி நேரமா நாலு பேரு தேடியிருக்கோம்."

"நீங்க மயிலைத் தேடுனீக. நான் வேற தேடப் போறேன்."

அடுக்கறையில் ஏட்டுக்கட்டுகள் மரப்பலகைகளுக்கு நடுவே, விளிம்பு வெளியே தெரிய, வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டைச் சீட்டு. நாகஜோதி எதையும் தொடவில்லை. எதையும் படிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புடவைக் கடையில் வாங்கும் எண்ணமே இல்லாமல் நடப்பவள் போல, விளிம்புகளை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள். முதல் வரிசை. இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசையில் நின்றாள்.

"இதை எடுங்க."

சீட்டில் 'குதிரை வைத்தியம்' என்று இருந்தது.

"இதையும் பார்த்தோம்" என்றார் ஒரு போலீஸ்காரர். "கடைசி ஏட்டுல மயில் இல்ல."

"குதிரை வைத்தியம் போன மாசமே கண்காட்சிக்குச் சென்னைக்குப் போயிருச்சே!" என்றாள் வாசலில் நின்ற சரண்யாதேவி. "வெறும் பலகையும் சீட்டும்தான் இங்க இருந்துச்சு!"

"விளிம்பைப் பாருங்க" என்றாள் நாகஜோதி. "மத்ததெல்லாம் ஒரே நிறம். வைத்தியம் பார்க்கிறவன் தேவைக்குத் தக்கன எங்க வேணா திருப்புவான், அழுக்கு எல்லா இடத்துலயும் ஏறும். இதுல மூணுல ஒரு பங்கு எண்ணெய்க் கையி பட்டுக் கறுத்திருக்கு. மிச்சம் ரெண்டு பங்கு நேத்து வெட்டின மாதிரி வெளுத்திருக்கு. பாதியிலேயே நிறுத்துற வாசிப்பு எது? நாப்பது ஏட்டைத் தாண்டாத வாசிப்பு எது? மழைக்கு வாசிக்கிற விராட பருவம் ஒண்ணுதான்."

சரண்யாதேவி கட்டைப் பிரித்தாள். முதல் ஏட்டில் இன்னும் புல்தைலம் மணத்தது. ஒன்பதாம் ஏட்டிலிருந்து பதினாறாம் ஏடு வரை ஓரத்தில் பிறை போல எலிக்கடி. நாகஜோதியின் பிரதிகளைப் பக்கத்தில் வைத்தாள். கடி விழுந்த எழுத்துகளும் அங்கே விட்ட வெள்ளை இடங்களும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போயின.

"இதுதான் மூலம்" என்றாள். "ராக்கம்மா, உங்க ஏட்டைப் பார்த்துதான் மேலத்தெரு ஏடு எழுதியிருக்கு!"

கேட்டருகே நின்ற ராக்கம்மாள் போட்ட குலவை திருப்பரங்குன்றம் வரை போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்ததைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"பாண்டவங்க மாதிரியே வேஷம் போட்டு அரண்மனைக்குள்ளயே ஒளிஞ்சிருந்திருக்கு" என்றார் காசிமாயன். "அதுவும் குதிரைக்காரன் வேஷம். சரி, வேஷம் போட்டுவிட்டது யாரு? கடைசியில மயிலையும் காணோமே. ஏடு நூத்திப் பத்தொம்பதுதான் இருக்கு."

"அது தம்பி, மயில் எங்க இருக்குன்னு மயிலைப் பார்த்தவரைத்தான் கேக்கணும்."

எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள்.

"நான்தான் சொன்னேனே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்..."

"முழு வாசிப்பும் கேட்டீக. அதான் இடிக்குது" என்றாள் நாகஜோதி. "அந்தத் தெருவுல யாரும் இதுவரைக்கும் முழுசாக் கேட்டதில்ல. மழை வந்தா நிறுத்துவாக. வராட்டி முதல்ல இருந்து. ஏட்டுக்காரி ராக்கம்மாளே கடைசி ஏட்டைப் பார்த்ததில்ல. விருமாண்டியண்ணன் காப்பியை அம்புட்டையும் நான்தான் பிரிண்ட் போட்டேன். அதுல மயிலுமில்ல, மயில் முட்டையுமில்ல. கடைசி ஏட்டுல மயில் இருக்குன்னு ஒருத்தருக்குத் தெரியணும்னா, அவரு இன்னிக்குப் பன்னண்டே முக்காலுக்கும் ரெண்டு பத்துக்கும் நடுவுல இந்தக் கட்டைப் பிரிச்சிருக்கணும். இழுப்பறையில சாவியும் இருக்கணும்."

"கற்பனை" என்றார் தவசி.

"கட்டுல இருந்து மயிலை உருவிட்டு, மயிலைத் தேடுங்கன்னு போலீஸை அனுப்பி வச்சீக. தேடுறவுக கையிலயே ஏட்டைக் குடுத்து, 'இது இல்ல'ன்னு அவுக வாயாலயே சொல்ல வச்சீக. நல்ல மூளை. தமிழுக்கே செலவழிச்சிருக்கலாம்."

"அந்த ஏடு என்னிடம் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? என் சட்டைப் பையில் ஒன்றரைச் சாண் ஓலை நுழையுமா? என் அறையைச் சோதியுங்கள்."

"அறை வேண்டாம்" என்றாள் நாகஜோதி. "காலையில பதினோரு மணி வெயிலுக்குக் குடையை விரிச்சீக. மூணு மணி வெயில் அதைவிடக் கொடுமை. தலையெல்லாம் வேர்வை. ஆனா கக்கத்துல இருந்த குடையை விரிக்கல. இப்ப வரைக்கும் கீழயும் வைக்கல. சும்மா ஒரு தடவை விரிங்களேன், பார்ப்போம்."

தவசி குடையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார். காசிமாயன் குடையை வாங்கினார். பொத்தானை அமுக்கினார்.

கறுப்புத் துணி படக்கென்று விரிந்தது. உள்ளிருந்து ஒரு வெளுத்த ஓலை நழுவி, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, வாசலில் நின்ற மருதின் காலடியில் வந்து விழுந்தது. அதில் தோகை விரித்த ஒரு மயில்.

மழைக்காக எழுதிய ஏட்டைக் குடைக்குள் ஒளித்தவனை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"அந்த வரிகள் நான் எழுதியவை" என்றார் தவசி. குரல் முதல்முறையாக மேடையிலிருந்து இறங்கியிருந்தது. "எலிக்கடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மூலத்திலேயே இல்லாத வரி எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பார்கள், நாளை எல்லாம் போய்விடும் என்று. ஒடித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நாற்பது வருடம் ஏட்டைத் தொட்ட கை. ஒடிக்க வரவில்லை."

"அந்த ஒண்ணுக்காக உங்களை மருவாதையாக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் காசிமாயன். மருதின் தோளிலிருந்து தூசியைத் தட்டிவிட்டார். அது மன்னிப்பு. போலீஸில் அதற்கு மேல் கிடையாது.

மாலை 5.40.

சரண்யாதேவி மயில் ஏட்டில் புல்தைலம் தடவி, மை ஒற்றி, துடைத்தாள். மயிலுக்குக் கீழே நான்கு வரிகள் எழுந்து வந்தன. ராக்கம்மாளும் விருமாண்டியும் இரண்டு பக்கமும் குனிந்து நின்றார்கள். அவள் வாசித்தாள்.

"இது எழுதினது புளியங்கண்மாய் கீழத்தெரு சடையன். எழுதப் படிக்க ஒருவரும் சொல்லித் தராமல், மாடு மேய்க்கையில் தானே கற்று எழுதினது. இம்மட்டும் வாசித்தும் மழை பெய்யவில்லையானால் ஏட்டின்மேல் குற்றமில்லை. எழுந்து போய்க் கண்மாயைத் தூர் வாரவும்."

முதலில் சிரித்தது விருமாண்டிதான். மீசை துள்ளத் துள்ளச் சிரித்தார். "நூத்தம்பது வருசமாச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான் மனுசன்! ஒரு பயலும் கடைசி ஏடு வரைக்கும் போகலையே!"

"எங்க சடையப் பாட்டன் சொன்னது" என்றாள் ராக்கம்மாள். "மேலத்தெரு மம்பட்டி எடுத்துட்டு வருமா, வராதா?"

"மம்பட்டி என்ன, ஜேசிபியே வாரேன்னுது. நீ வாசி ராக்கு. நான் கீழ உக்காந்து கேக்குறேன்."

பதினாறு நாள் தூர் வாரினார்கள். அந்த மண்ணைக் குவித்ததில் ஊருக்கு மேற்கே புதிதாக ஒரு குன்று முளைத்தது. அடுத்த வரைபடத்தில் வந்துவிடும். பதினேழாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கண்மாய்க் கரையில் ராக்கம்மாள் ஏட்டை விரித்தாள். மருது விளக்கேற்றினான். அவன் பணி நிரந்தர ஆணை முதல்நாள்தான் வந்திருந்தது. விருமாண்டி சொன்னபடி கீழே, முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடி யோசிக்கவில்லை.

ஒன்பதாம் ஏட்டில், எலி கடித்த முதல் இடத்தில், ராக்கம்மாள் வழக்கப்படி நிறுத்தி மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்குள் முதல் துளி விழுந்தது. அடுத்தது சட்டி சட்டியாக. இரண்டு தெருவும் எழுந்து நின்று குலவையிட, ஒருவரும் ஓடவில்லை. காசிமாயன் பாய்ந்து வந்து ஏட்டுக்கு மேல் குடையை விரித்தார். அவசரத்தில் ஜீப்பிலிருந்து எடுத்து வந்தது, நீளமான கறுப்புக் குடை. விரித்த பிறகுதான் அது வழக்கின் சான்றுப் பொருள் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

சான்றுப் பொருள் நனைந்ததற்கு அவர் அங்கேயே முழங்காலில் வைத்து ஒரு விளக்கம் எழுதினார். அதையும் மழை விடவில்லை. மறுநாள் தல்லாகுளத்தில் நாகஜோதி அதற்கு மூன்று காப்பி எடுத்தாள். மழைத்துளி விழுந்த இடம் மூன்றிலும் அதே இடத்தில் இருந்தது.